படைக்கலத்திலிருந்து உடை: வில்லியனூர், பாகூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பழைய கேள்வி

போருக்கென்று செய்த பொருளை உடம்பின் அழகுக்கு மாற்றலாமா? மாற்றினால் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும்? பேஷன் உலகம் இந்தக் கேள்வியைச் சத்தமாகப் பேசத் தொடங்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. தமிழுக்கு இது அதைவிட மிகப் பழைய கேள்வி. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களையும் அதியமானின் படைக்கலங்களையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார். முன்னவை மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. பின்னவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அழகு செய்யப்பட்ட ஆயுதம் வேலை செய்யாத ஆயுதம் என்பதுதான் அங்கே புகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கும் குத்தல்.

அந்தக் கணக்கில் இன்றைய சோதனை உடை வடிவமைப்பாளர்கள் எல்லோரும் தொண்டைமான் கட்சி. ஆனால் தமிழ் மரபே முழுக்க அதியமான் கட்சியில் இருந்ததில்லை. சங்கு, சக்கரம், கதை, வில், வாள் என்ற ஐந்து ஆயுதங்களைச் சிறு உருக்களாகச் செய்து குழந்தையின் கழுத்தில் கட்டிய ஐம்படைத் தாலி, மணிமேகலையிலும் பிள்ளைத்தமிழ் நூல்களிலும் வருகிறது. கோயில் மூலவருக்கு வெள்ளிக் கவசமும் தங்கக் கவசமும் இன்றும் சாத்தப்படுகின்றன. ஆகவே மாற்றலாமா என்பதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. எதை எடுப்பது, எப்படி எடுப்பது, யாரிடம் கேட்டு எடுப்பது என்பவைதான் இன்னும் தகராறில் இருக்கின்றன. இவற்றைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை நடுவில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

அங்கியோடு வந்த வாள்

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1749-50 ஆண்டுகளின் வாரிசுப் போர்களில். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பும் ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் உதவிக்கு ஈடாகக் கொடுத்த நிலங்கள் இவை. அந்தக் காலத்து அரசியலில் நிலம் தனியாகக் கைமாறுவதில்லை. கூடவே கில்லத்து எனப்படும் மரியாதை உடை வரும். பெரிய கில்லத்தில் அங்கியும் தலைப்பாகையும் இடைக்கச்சையும் மட்டும் இருப்பதில்லை. வாள், கேடயம், கட்டாரி ஆகியவையும் ஒரே உடைத் தொகுதியாகச் சேரும். 1750 டிசம்பரில் புதுச்சேரியில் நடந்த தர்பாரில் துய்ப்ளேக்ஸ் முகலாயப் பிரபுவின் கோலத்தில் அமர்ந்திருந்ததை வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய எழுத்தாளர்களில் சிலருக்கு அது வேடிக்கை, சிலருக்கு ஆணவம். தர்பாரில் நின்றிருந்தவர்களுக்கோ அது அரசியல் இலக்கணம் தவறாத உடை.

ஆயுதமும் ஆடையும் வெவ்வேறு துறைகள் என்று நாம் பிரித்துப் பார்ப்பது பிற்கால வழக்கம் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. கட்டாரி கையில் பிடிப்பதற்கு முன் இடுப்பில் செருகுவது. தென்னாட்டு அரசவை ஓவியங்களில் அது கச்சையின் மடிப்புக்குள் பாதி மறைந்து, பிடி மட்டும் தெரியும்படி இருக்கும். துணியின் முடிச்சுதான் அதற்கு உறை.

இரண்டு ஆண்டுகளுக்குள் அதே நிலத்தில் அலங்காரம் கழன்றது. 1752 ஆகஸ்டில் பாகூரில் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்சின் படையும், துய்ப்ளேக்சின் உறவினர் கெர்ஜான் நடத்திய பிரெஞ்சுப் படையும் மோதின. துப்பாக்கி முனையில் செருகிய பயனெட்டுகள் நேருக்கு நேர் உரசிய சண்டை என்று அது நினைவுகூரப்படுகிறது. 1760-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது.

கட்டாரியின் கதைக்கும் இதே போன்ற முடிவுதான். தென்னாட்டுக் கட்டாரிகளில் ஒரு வகைக்கு மணிக்கட்டை மூடும் சிப்பி போன்ற தகடு உண்டு. பிடியின் இருபக்கக் கம்பிகள் முன்கையோடு ஒட்டி நீள்வதால் ஆயுதம் கையின் நீட்சியாகிவிடும். இவற்றில் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. முறிந்த வாளை வாங்கி உள்ளூர்ப் பிடியில் பொருத்தினார்கள். தஞ்சை அரண்மனைப் படைக்கொட்டில் 1863 வாக்கில் கலைக்கப்பட்டபோது, நல்லவை சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, மிச்சமெல்லாம் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. மதராஸ் சிவில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இதை எழுதிவைத்தார். இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து வடிவமைப்பாளர்கள் வியப்பவை எடைக்கல்லுக்குத் தப்பியவை.

தையற்காரரும் கவசக்காரரும்

உடைக்கும் படைக்கலத்துக்கும் உள்ள உறவை விளக்கும் கருத்துகளில் மிகவும் செல்வாக்குள்ளது உடை வரலாற்றாசிரியர் ஆன் ஹாலண்டர் 1994-இல் ‘செக்ஸ் அண்ட் சூட்ஸ்’ நூலில் முன்வைத்தது. ஐரோப்பிய ஆணுடை உடம்பின் உறுப்புகளைத் தனித்தனியே வரைந்து காட்டத் தொடங்கியது இடைக்காலத்தின் இறுதியில் தகட்டுக் கவசம் வந்த பிறகுதான், இன்றைய கோட்டு சூட்டின் மூதாதை இரும்புக் கவசம்தான் என்பது அவர் வாதம். இதற்கு ஆவணத் துணையும் உண்டு. லண்டன் தையற்காரர் சங்கம் 1327-இல் அரச பட்டயம் பெற்றபோது, கவசத்துக்கு அடியில் அணியும் திண்டுச் சட்டை செய்வோரும் அதே சங்கத்தில் இருந்தார்கள். இரும்பின் அளவுக்குத் துணியை வெட்டப் பழகிய கைதான் பிறகு கோட்டும் வெட்டியது.

வாதம் அழகானது. ஆனால் அது கத்தரிக்கோலின் வரலாறு. வேட்டியும் சேலையும் ஆண்ட நாட்டில் அதை அப்படியே நட முடியாது. தைத்த சட்டை தமிழருக்குத் தெரியாததல்ல. கஞ்சுகம் அணிந்தோர் சிலப்பதிகாரத்திலேயே வருகிறார்கள். பஞ்சு திணித்து நெருக்கமாகத் தைத்த போர் அங்கிகள் இந்தியப் படைகளில் பரவலாக இருந்தன. திப்பு சுல்தான் காலத்தவை அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கின்றன. சித்திரை வெயிலில் இருபது கிலோ இரும்பைச் சுமப்பதைவிடப் பஞ்சுத் திண்டு புத்திசாலித்தனம். இருந்தாலும் இந்நாட்டுப் போர்க்கோலத்தின் அடிப்படைச் செயல் வெட்டித் தைப்பதல்ல, வரிந்து கட்டுவது. தார்ப்பாய்ச்சிய வேட்டி, இறுக்கிய கச்சை, அதில் செருகிய கட்டாரி எல்லாம் முடிச்சில் நிற்பவை. சிலம்பாட்டக்காரர்கள் இன்றும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

இந்த வேறுபாட்டைச் சிறியதென்று விட்டுவிட முடியாது. தைத்த கவசம் ஓர் உடம்புக்கு உரியது. கட்டிய கவசம் எந்த உடம்புக்கும் பொருந்தும்.

ராம்ப் மேடையில் உலோகம்

மேற்கத்திய முன்னோடி வடிவமைப்பாளர்கள் இந்தப் பக்கம் திரும்பியதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தொடக்கம் 1966. பாரிஸில் பாக்கோ ரபான் பன்னிரண்டு ‘அணிய முடியாத’ உடைகளை மேடையேற்றினார். சிறு தகடுகளை வளையங்களால் கோத்த அவை வளையக் கவசத்தின் பேரப்பிள்ளைகள். இஸ்ஸே மியாக்கே 1982-இல் மூங்கில் கைவினைஞர் ஒருவருடன் சேர்ந்து பிரம்பில் செய்த மார்புக்கூடு சாமுராய் கவசத்தை நினைவூட்டியது. அமெரிக்காவின் ‘ஆர்ட்ஃபோரம்’ கலை இதழ் அதை அட்டையில் போட்டது. தியரி மியூக்ளர் 1995-இல் பெண்ணுடம்பை முழுக்க உலோக ஓட்டுக்குள் வைத்தார். 2018-இல் நியூயார்க் மெட் காலா விழாவுக்கு நடிகை ஸெண்டயா ஜோன் ஆஃப் ஆர்க் பாணியிலான வெர்சாச்சே கவச உடையில் வந்தார். இந்தியாவில் மனீஷ் அரோரா பாரிஸ் மேடைக்குப் போர்வீரர் தோற்றங்களைக் கொண்டுபோனார். ரிம்ஸிம் தாது எஃகுக் கம்பியைச் சேலையாக்கினார்.

இவற்றைப் பற்றிய விமரிசனம் பெரும்பாலும் பெண்ணுடம்பைச் சுற்றியே நடக்கிறது. கவசம் பெண்ணுக்கு அதிகாரம் தருகிறது என்கிறது ஒரு தரப்பு. உடம்பை இன்னொரு கூண்டில் அடைத்து, வன்முறையைக் கவர்ச்சியாக விற்கிறது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டும் படத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகள். உடையைப் போட்டவர் உட்கார முடிந்ததா, கையைத் தூக்க முடிந்ததா என்பது அந்த விவாதத்தில் அபூர்வமாகத்தான் வருகிறது.

அந்தக் கேள்வியைப் போட்டால் மேலே சொன்னவை இரண்டாகப் பிரிந்துவிடும். மியூக்ளரின் ஓடு கவசத்தின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது. ரபானும் மியாக்கேயும் இணைப்பு முறையை எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வளையம், மற்றவருக்குப் பின்னல். சாமுராய் கவசமே சிறு தகடுகளை நாடாவால் கோத்துக் கட்டியதுதான். எதிலிருந்து அதிகம் முளைத்தது என்று பார்த்தால் விடை பெரும்பாலும் இரண்டாவது பக்கம் இருக்கிறது. தோற்றத்தை எடுத்தவை படங்களாக நின்றுவிட்டன. இணைப்பை எடுத்தவை தொழில்நுட்பமாக வளர்ந்தன. ரபானின் வளையக் கோவை இன்று கைப்பையாகவும் கடையில் விற்கிறது.

கூத்துக் கட்டை

தென்னாற்காடு, வடஆற்காடு, புதுச்சேரி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களோடு வாழும் தெருக்கூத்தில் ராஜா வேடங்களுக்கு உரிய மர அணிகளைக் கட்டை என்பார்கள். கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, நெஞ்சுக்கு மார்புப் பதக்கம் ஆகியவை இதில் அடங்கும். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் பதித்தவை. இவற்றைக் கயிற்றால் உடம்போடு இறுக்குகிறார்கள். கீழே பல அடுக்குப் பாவாடை, காலில் சலங்கை. துரியோதனனும் கர்ணனும் இந்தக் கோலத்தோடு விடிய விடியப் பாடி, ஆடி, சுழன்று சுழன்று வருகிறார்கள். இந்தக் கலையைக் கட்டைக்கூத்து என்றே அழைக்கும் மரபும் இருக்கிறது. 1990-இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அந்தப் பெயரில்தான் தொடங்கியது.

இது கவசத்தின் நினைவா? தோள், மார்பு, தலை ஆகிய மூன்றையும் கடினப் பொருளால் மூடுவதைப் பார்த்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். நாயக்கர் காலப் போர்க்கோலம் கூத்து மேடையில் உறைந்திருக்கிறது என்று எழுதுவது எளிது. எளிது என்பதாலேயே சற்று எச்சரிக்கை வேண்டும். தோளணியான புஜகீர்த்தி கோயில் சிற்பங்களில் தெய்வங்களுக்கும் உண்டு. கூத்தின் மகுடம் தெய்வ மகுடத்துக்கு நெருங்கியது. கண்ணாடிச் சில்லைக் கண்டதும், சார்-ஐனா எனப்படும் பளபளக்கும் நான்கு தகட்டு முகலாயக் கவசத்தோடு முடிச்சுப் போடும் ஆசையும் வரும். தீவட்டி வெளிச்சத்தில் முகத்தையும் தோளையும் தூரத்துப் பார்வையாளருக்குக் காட்ட வேண்டிய தேவையே கண்ணாடிக்குப் போதுமான காரணம். கட்டை மரத்தால் ஆனதால் நூற்றாண்டுகள் கடந்து நிற்பதில்லை. வம்சாவளியை நிறுவ வேண்டியவர்கள் சிற்பத்தையும் ஓவியத்தையும்தான் நம்பியாக வேண்டும்.

வம்சாவளியை ஒதுக்கிவைத்தாலும் கட்டையின் பாடம் குறைவதில்லை. கடினப் பொருளை இரவு முழுவதும் ஆடும் உடம்பில் நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு அது தீர்ந்த விடை. சுமையின் பெரும்பகுதி தோளிலும் இடுப்பிலும் இறங்குகிறது. புஜக்கட்டை கைமூட்டுக்குக் குறுக்கே போகாது. அதனால் கை உயரும். மார்புப் பதக்கம் விலா எலும்பை இறுக்காது. பாடுகிறவருக்கு மூச்சு வேண்டும் அல்லவா? ஒரே கட்டை செட்டைப் பருத்தவரும் மெலிந்தவரும் கட்டலாம், முடிச்சு மட்டும் மாறும். மியூக்ளரின் உலோக ஓட்டில் இல்லாத குணங்கள் இவை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்த ஊர் புதுச்சேரி. அவர் பெயரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது; அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. கட்டை கட்டும் முறையை உடை வடிவமைப்புப் பாடமாக்க எட்டும் தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஊர் எல்லையில் நிற்கும் ஐயனார் பரிவாரமும் இந்தக் கணக்கில் சேரும். வாளும் அரிவாளும் ஏந்திய வீரன் சிலைகளைத் தமிழகம் முழுக்கக் காண்கிறோம். சில ஊர்களில் காவல் தெய்வத்தின் ஆட்கள் சிப்பாய் உடுப்பிலும் துப்பாக்கியோடும் நிற்பார்கள். அந்தந்தக் காலத்தில் யாரைக் கண்டு ஊர் அஞ்சியதோ அவரது உடுப்பு தெய்வத்தின் காவலாளிக்குப் போயிருக்கிறது. பழையதை அப்படியே காப்பதுதான் மரபு என்று சொல்வோர் இந்தச் சிலைகளுக்கு என்ன விளக்கம் தருவார்கள் என்பது வேடிக்கையான கேள்வி.

மண், காகிதக் கூழ், பஞ்சு

ஊக்கத்தை வடிவத்தில் தேட வேண்டாம், பொருளில் தேடுங்கள் என்பது கைவினைத் துறையினரின் வாதம். இந்த வட்டாரத்தில் அதற்கு இரண்டு சான்றுகளை நீட்டுவார்கள். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக் கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வில்லியனூர் மரபைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சுடுமண் அழகானது; ஆனால் உடம்பில் நீண்ட நேரம் நிற்காது. மணியாக, பதக்கமாக, பொத்தானாக வரலாம். தோள்கவசமாக வந்தால் முதல் இடியிலேயே உடையும். காகிதக் கூழ் வேறு சங்கதி. எடை குறைவு, அச்சில் வார்க்கலாம், காய்ந்தால் கெட்டி, மேலே பூச்சு ஏறும். கூத்துக் கட்டையின் மரத்துக்கு மிக நெருங்கிய மாற்று அதுதான். பொம்மையும் முகமூடியும் செய்யும் அச்சுக்கு மார்புத் தகடு பெரிய சவாலாக இருக்காது. வியர்வையும் மழையும் அதன் எதிரிகள். அடிப்பக்கத்தில் பஞ்சுத் திண்டு கொடுத்தால் முதல் எதிரியைச் சமாளிக்கலாம். மறுபடியும் திண்டு, தகடு, கயிறு என்ற பழைய கவச வரிசைக்கே வந்து நிற்கிறோம்.

தோல் வேலைக்கும் புதுச்சேரியில் பழக்கம் உண்டு. 1978-இல் இங்கே தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம் கைப்பைக்குப் பித்தளைப் பக்கிள் வார்த்தே பேர் வாங்கியது. வாரும் பக்கிளும் குதிரைச் சேணத்திலிருந்தும் படைவீரனின் இடைவாரிலிருந்தும் வந்தவை என்பதை அவற்றை மாட்டிக்கொள்ளும் யாரும் நினைப்பதில்லை.

அரிவாள் யாருடையது?

இதுவரை பார்த்த கருத்துகள் எல்லாம் ஆயுதத்தை அருங்காட்சியகப் பொருளாக எடுத்துக்கொண்டவை. ஐரோப்பாவில் அது சரி. அங்கே யாரும் இன்று ஈட்டியோடு தெருவுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அரிவாள் இன்னும் பழம்பொருளாகவில்லை. அது கரும்பு வெட்டும் கருவி, காவல் தெய்வத்தின் கைப்பொருள், சினிமா போஸ்டரின் அலங்காரம், சாதிப் பெருமை பேசும் டிஜிட்டல் பேனரில் மீசையோடு சேர்ந்து வரும் மிரட்டல். வெட்டுப்பட்டவரின் ஊரில் அரிவாள் அச்சிட்ட சட்டை ‘ஊக்கம்’ ஆகாது. இந்தப் பொறுப்பை மறந்து எழுதப்படும் பாராட்டுரைகள் எவ்வளவு நயமாக இருந்தாலும் குறையுள்ளவை என்றே சொல்ல வேண்டும். வேலும் சூலமும் வேறு வகைச் சிக்கல். கழுத்தில் டாலராகத் தொங்கும்போது பக்தி. பாவாடையில் அச்சானால் வழக்கு.

துணிக்கும் குற்றமற்ற வரலாறு இல்லை. புதுச்சேரியைச் சுற்றிய கிராமங்களில் நெய்து, அவுரியில் தோய்த்த கினியா நீலத் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் மனிதர்களுக்கு விலையாக இறக்கப்பட்ட முக்கியச் சரக்குகள் இந்தியத் துணியும் ஐரோப்பியத் துப்பாக்கியும். 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் அந்த நீலத்துணி பணமாகவே செலாவணியானது. அதன் பிறகு வந்த ஆலைத் தொழிலின் பெரும் பெயரான ஏ.எஃப்.டி. 1898-இல் பிறந்து 2020-இல் மூடப்பட்டது. ஆயுதம் கறைபட்டது, துணி தூயது என்று பிரித்துப் பேச இந்த ஊருக்கு உரிமை இல்லை.

சட்டத்தின் நிலை ஓரளவு தெளிவு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த வாளும் கட்டாரியும் தொல்பொருள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கூர் அலகுகளைத் தன் பார்வையில் வைத்திருக்கிறது. அசலை அறுத்து உடையில் பதிக்கும் மேல்நாட்டு மோகத்துக்கு இங்கே வழியில்லை. அதில் வருத்தப்படவும் எதுவுமில்லை.

தீராதவை

கூத்துக் கட்டை கவசத்தின் வழி வந்ததா, சிற்பத்தின் வழி வந்ததா என்பது திறந்தே இருக்கிறது. இரண்டும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹாலண்டரின் வாதம் கட்டும் மரபுள்ள நாடுகளுக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கச்சையையும் முடிச்சையும் முறையாக ஆராயாமல் பதில் சொல்ல முடியாது. தெய்வச் சின்னத்துக்கும் உடைக்கும் நடுவே கோடு எங்கே என்பதை வடிவமைப்பாளர் ஒருவரால் தீர்மானிக்க இயலாது. ஊர் ஒவ்வொன்றாகப் பேசித்தான் தெரியும். புவிசார் குறியீடு மண் பொம்மையையும் கூழ் பொம்மையையும் காக்கும். கட்டை கட்டும் கை நுணுக்கம் பொருளாக இல்லாததால் அந்தக் காப்புக்குள் எளிதில் வராது. நாளை ஒரு பெரிய பேஷன் நிறுவனம் அதைக் கற்று மேடையேற்றினால் கூத்துக்காரருக்கு என்ன சேரும் என்பதும் பதிலில்லாத கேள்விதான்.

இவ்வளவு ஐயங்களுக்கு நடுவிலும் ஒன்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். படைக்கலத்தின் உருவத்தை நகலெடுத்த உடைகள் விரைவில் பழசாகின. அது உடம்போடு பொருந்திய முறையைக் கற்றவை நின்றன. ஆகவே பாகூர்ப் பக்கம் பாரத விழாவுக்கு வரும் வடிவமைப்பு மாணவர்கள் கர்ணன் மேடையேறியதும் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டாம். மாலையிலேயே வந்து, அனுமதி கேட்டு, வேடம் கட்டும் இடத்தில் உட்கார்ந்து, எந்தக் கயிறு எங்கே போகிறது என்று வரைந்துகொள்ளட்டும். அந்த வரைபடம் உடையாக மாறும் நாளில், கட்டியவரின் பெயர் உடைச்சீட்டிலும் அவருக்குரிய பங்கு ஒப்பந்தத்திலும் இருக்கட்டும்.